சுதந்திரச் சந்தையும் சர்வாதிகாரமும்: சிலி நாட்டு அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

பொருளியற் சுதந்திரம் இல்லாத இடத்தில் அரசியற் சுதந்திரம் நிலைபெறாது என்னும் கொள்கையை இருபதாம் நூற்றாண்டிலே தெளிவாகவும் துணிவாகவும் எடுத்துரைத்த நூல்களுள் மில்ற்றன் பிறீட்மன் இயற்றிய ‘முதலாளித்துவமும் சுதந்திரமும்’ முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. சிக்காகோப் பல்கலைக்கழகத்துப் பொருளியற் பேராசிரியராகிய அவர் 1962ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்நூல் அளவிற் சிறியது, எளிய நடையினது, பொருளியலை முறையாகப் பயிலாதாரும் தயக்கமின்றிப் படித்து முடிக்கத்தக்கது. அதன் அடிப்படை வாதம் அதிகாரம் பரந்திருத்தலைப் பற்றியது. அரசியல் அதிகாரமும் பொருளியல் அதிகாரமும் ஒரே கையில் திரளுமாயின் குடிமகனுக்குப் புகலிடம் இல்லை. பொருளியலைச் சந்தையின்பால் விட்டுவிடின், அரசினை எதிர்ப்பவனுக்கும் பிழைக்க வழி இருக்கும். கோதுமையை விளைவித்தவன் எக்கட்சியினன் என்று ரொட்டி வாங்குபவன் விசாரிப்பதில்லை. அமெரிக்கத் திரைப்படத் துறையிலே அரசியற் கருத்துக் காரணமாகத் தள்ளிவைக்கப்பட்ட எழுத்தாளர்கள் புனைபெயரில் எழுதிப் பிழைத்தமையை அவர் இதற்குச் சான்றாகக் காட்டுகின்றார்.

வாதம் வலியது. அதனை எள்ளி ஒதுக்குவோர் பெரும்பாலும் நூலைப் படியாதவரே. முதலாளித்துவம் தனித்து நின்றே சுதந்திரத்தைப் படைத்துவிடும் என்று நூல் எவ்விடத்தும் கூறவில்லை. முசோலினியின் இத்தாலியிலும் பிராங்கோவின் ஸ்பெயினிலும் தனியார் தொழில் இருந்தது, சுதந்திரம் இருக்கவில்லை என்பதை நூலாசிரியரே எடுத்துக்காட்டுகின்றார். சந்தை இன்றியமையாதது, ஆனால் அதுவே போதியதன்று என்பது அவர் முடிபு. இவ்வெச்சரிக்கை நூலுக்குப் பெரிய அரண். ஆயினும் நூல் வெளிவந்து பதினோராண்டுகள் கழிந்தபின், தென்னமெரிக்காவின் மேற்குக் கரையிலே, சிக்காகோவிற் பயின்ற மாணாக்கர்கள் ஒரு நாட்டின் நிதி நிருவாகத்தையே படையினரின் நிழலில் ஏற்று நடத்தத் தொடங்கியபோது, நூல் எதிர்பாராத வினா ஒன்று எழுந்தது. அரசியற் சுதந்திரத்தைத் தன் கையாலேயே அழித்த ஆட்சி ஒன்று பொருளியற் சுதந்திரத்தை வழங்குவதாகச் சொல்லுமாயின், அவ்வாறு வழங்கப்படுவது யாது? யாருக்கு?

இவ்வினாவுக்கு விடை காண்பதற்குச் சிலி நாட்டின் வரலாற்றைச் சற்று விரித்து நோக்குதல் வேண்டும். கல்விச்சாலைகளில் உள்ளோர்க்கு அவ்வரலாற்றின் தொடக்கமே கருத்தூன்றத்தக்கது. ஏனெனில் அது பாசறையில் தொடங்கவில்லை, வகுப்பறையில் தொடங்கிற்று. 1956ஆம் ஆண்டில் சந்தியாகோ நகரத்துக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்கும் சிக்காகோப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவிப் பணம் அதற்குத் துணைநின்றது. அக்காலத்திலே இலத்தீன் அமெரிக்க நாடுகளிற் செல்வாக்குப் பெற்றிருந்த பொருளியற் சிந்தனை வேறு. இறக்குமதிக்குத் தீர்வை விதித்து உள்நாட்டுக் கைத்தொழிலை அரசு வளர்த்தல் வேண்டும் என்பதே அச்சிந்தனை. அதன் தலைமையிடமாகிய ஐக்கிய நாடுகள் சபையின் பொருளாதார ஆணைக்குழுவும் சந்தியாகோவிலேயே இருந்தது. அதற்கு மாற்றாக வேறொரு சிந்தனையை அந்நாட்டு மாணவரிடையே ஊன்றுதல் ஒப்பந்தத்தின் நோக்கம். ஆர்னல்ட் ஹார்பேகர் என்னும் பேராசிரியர் இதில் முன்னின்று உழைத்தார். அடுத்த பதினைந்தாண்டு காலத்தில் ஏறத்தாழ நூறு இளைஞர் சிக்காகோ சென்று பயின்று மீண்டனர். ‘சிக்காகோப் பையன்கள்’ என்று நாட்டார் அவர்களுக்கு இட்ட பெயர் பின்னர் உலகெங்கும் வழங்கலாயிற்று.

மீண்டு வந்தோர் கற்பித்தனர், எழுதினர், விவாதித்தனர். அவர்களுடைய அறிவும் உழைப்பும் ஐயத்துக்கு இடமற்றன. எனினும் அவர்களுடைய திட்டத்தை முழுமையாக ஏற்று மக்கள் முன் வைத்து வாக்குக் கேட்கக்கூடிய கட்சி ஒன்று அந்நாட்டில் அமையவில்லை. 1972, 1973 ஆண்டுகளில் அவர்களுட் சிலர் கூடி, அலெண்டே அரசுக்குப் பின் நாடு மேற்கொள்ள வேண்டிய பொருளியற் கொள்கையை ஓர் ஆவணமாக வரைந்தனர். தடித்துப் பருத்திருந்தமையால் ‘செங்கல்’ என்று பெயர்பெற்ற அவ்வாவணம், 1973ஆம் ஆண்டு செப்ரெம்பர் 11ஆம் திகதி படையினர் ஆட்சியைக் கவர்ந்த மறுநாளே தளபதிகளின் மேசைகளில் இருந்தது என்பர். தேர்தல் மேடை காணாத திட்டம் ஒன்று அரசின் கொள்கையாவதற்கு இவ்வளவு குறுகிய வழி வேறெங்கும் கிடைத்திருக்குமா என்பது ஐயம்.

அலெண்டேயின் ஆட்சியைப் பற்றியும் நடுநிலையோடு பேசுதல் வேண்டும். 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் நூற்றுக்கு 36 வீதத்தைச் சற்றே கடந்த வாக்குகளுடன் முதலிடம் பெற்று, பாராளுமன்றத்தின் ஒப்புதலோடு அவர் சனாதிபதியானார். செப்புச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கும் திருத்தம் 1971இல் எதிர்க்கட்சிகளும் உட்பட ஒருமனதாக நிறைவேறிற்று. ஆனால் கூலியை உயர்த்தி, விலைகளைக் கட்டிவைத்து, பற்றாக்குறைக்குக் காசு அச்சடித்த கொள்கை நெடுநாள் தாங்கவில்லை. ஏறத்தாழ 500 நிறுவனங்கள் அரசின் கைக்கு வந்தன, கடைகளிற் பொருள் மறைந்தது, வரிசைகள் நீண்டன. அமெரிக்க அரசின் மறைமுகத் தலையீடும் பாரவண்டிச் சொந்தக்காரரின் வேலைநிறுத்தமும் நெருக்கடியை மிகுவித்தன என்பது மெய்யே. ஆயினும் அவை இல்லாதிருந்தால் பணவீக்கம் தோன்றியிராது என்று வாதிடுதல் பொருந்தாது. 1973இல் விலைவாசி உயர்வு நூற்றுக்கு 500 வீதத்தைக் கடந்தது. நோய் கடியது என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. இத்தனைக்கும் அவ்வாண்டு மார்ச்சு மாதப் பாராளுமன்றத் தேர்தலில் ஆளுங்கூட்டணி 1970இல் அலெண்டே பெற்றதைவிடக் கூடிய வீதத்தில் வாக்குகளைப் பெற்றமை, பொருளியல் நூல்கள் எளிதில் விளக்கவியலாத செய்தி.

ஆட்சியைக் கவர்ந்த தளபதிகள் பாராளுமன்றத்தைக் கலைத்தனர், கட்சிகளைத் தடைசெய்தனர், தொழிற்சங்க மத்திய சம்மேளனத்தை ஒழித்தனர், பல்கலைக்கழகங்களுக்குப் படைத்துறை அதிகாரிகளைத் தலைவராக்கினர். கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர் கடற்படைத் தளபதி ஒருவர். பொருளியலில் அவர்களுக்கெனத் திட்டம் ஒன்றும் தொடக்கத்தில் இருக்கவில்லை. ஓராண்டுக்கு மேல் மெல்ல மெல்ல விலைக்கட்டுப்பாட்டைத் தளர்த்திப் பார்த்தனர். 1974இலும் விலைகள் மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தன. அந்நிலையில்தான் 1975 மார்ச்சு மாதத்தில் பிறீட்மன் சிலிக்கு வந்தார். அவரை அழைத்தது தனியார் வங்கி ஒன்றின் ஆய்வு நிறுவனம். ஏறத்தாழ ஒரு கிழமை அங்கே தங்கிச் சொற்பொழிவுகள் ஆற்றினார்; பினோச்சேயை முக்கால் மணி நேரம் அளவிற் சந்தித்தார்; ஊர் திரும்பி ஏப்பிரல் 21ஆம் திகதியிட்டு ஒரு கடிதம் எழுதினார். பணவீக்கத்தைப் படிப்படியாகக் குறைத்தல் ஆகாது, ஒரே அதிர்ச்சியில் நிறுத்துதல் வேண்டும், அரசின் செலவை ஆறு மாதத்துள் நாலிலொரு பங்கு வெட்டுதல் வேண்டும் என்பன அதன் சாரம். வறியோர்க்கு இடைக்கால நிவாரணம் வழங்கவேண்டும் என்பதும் அதில் உண்டு. கண்டனஞ் செய்வோர் இதனை மறைத்தல் முறையன்று. ஆயின், சந்தைக்குச் சுதந்திரம் வேண்டிய அக்கடிதம் சிறையில் இருந்தோரைப் பற்றிப் பேசவில்லை.

அம்மாதமே அதிர்ச்சி வைத்தியம் அரசின் திட்டமாயிற்று. செர்ஹியோ தெ கஸ்திரோ என்னும் சிக்காகோ மாணவர் பொருளாதார அமைச்சராகி, அடுத்த ஆண்டின் இறுதியில் நிதியமைச்சரானார். 1975ஆம் ஆண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி நூற்றுக்கு 13 வீதம் அளவில் வீழ்ந்தது. செப்பின் உலகவிலை சரிந்தமையும் அதற்கு ஒரு காரணம். வேலையிழந்தோரைக் குறைந்த கூலிக்கு வீதி கூட்டவும் பூங்கா திருத்தவும் அமர்த்தும் அவசர வேலைத்திட்டம் அவ்வாண்டிலேயே தொடங்கிற்று. சந்தையின் பெயரால் ஆண்ட அரசு ஆயிரக்கணக்கானோர்க்குத் தானே வேலை கொடுக்க நேர்ந்தமை நகைப்புக்குரியதன்று. அது பசியின் அளவைக் காட்டுவது.

இச்செயலுக்காகப் பிறீட்மன் கடுங்கண்டனத்துக்கு உள்ளானார். 1976இல் அவர் நோபல் பரிசு பெறச் சென்றபோது ஸ்ரொக்ஹோமில் எதிர்ப்பு ஊர்வலங்கள் நிகழ்ந்தன. அவர் தம்மை மருத்துவனுக்கு ஒப்பிட்டு விடை கூறினார்: கொள்ளைநோய் பரவிய நாட்டின் அரசுக்கு மருத்துவன் ஆலோசனை கூறுதல் குற்றமாயின், பணவீக்கத்துக்கு மருந்து கூறுதலும் குற்றமாகட்டும் என்பது அவர் கருத்து. பொதுவுடைமைச் சீனத்துக்குத் தாம் பின்னர் இவ்வாறே ஆலோசனை வழங்கியபோது எவரும் எதிர்க்கவில்லை என்றும் அவர் பிற்காலத்திற் சுட்டினார். இரண்டாவது விடை நியாயமானது; கண்டித்தோர் பலரின் நடுநிலைமையை அது சோதிக்கின்றது. முதலாவது உவமையோ ஆராயத்தக்கது. மருத்துவன் நோயாளியிடமேனும் அவன் சுற்றத்தாரிடமேனும் சம்மதம் பெறுகின்றான். மருந்து ஒவ்வாதபோது நோயாளி கதறினால் அளவைக் குறைக்கின்றான். சிலியிலே மருத்துவனை அழைத்தவர் நோயாளியின் வாயைக் கட்டியவர். மருந்து எவ்வளவு நோகின்றது என்பதை அறியும் வழியே அடைபட்டிருந்தது. உவமையின் குறை அறநெறி பற்றியது மட்டுமன்று; மருத்துவ முறை பற்றியதுமாகும். இக்குறை பின்னர் என்ன விளைத்தது என்பது கீழே காணப்படும்.

பிறீட்மனுக்கு அக்காலத்தில் எழுந்த மறுப்புக்களுள் மிகக் கூர்மையானது ஒர்லாந்தோ லெத்தெலியர் எழுதிய கட்டுரை. அலெண்டே ஆட்சியில் அமெரிக்காவுக்குத் தூதராகவும் பின் அமைச்சராகவும் இருந்த அவர், படைப் புரட்சியின்பின் தென்கோடித் தீவொன்றிற் சிறையிருந்து, வெளியேறி வாஷிங்ற்றன் சென்றவர். 1976 ஓகஸ்ற் மாத இறுதியில் அமெரிக்க வார இதழொன்றில் வெளிவந்த அக்கட்டுரை, பொருளாதாரத் திட்டம் வேறு, சித்திரவதை வேறு என்று பிரித்துப் பேசுதல் பொய் என வாதித்தது. கூலியைக் குறைத்து, வேலையைப் பறித்து, செல்வத்தைச் சிலரிடம் குவிக்கும் திட்டம் ஒன்று, மக்கள் வாய்திறக்க முடிந்த நாட்டில் நிறைவேற இயலாது. ஆகையால் அடக்குமுறையும் சுதந்திரச் சந்தையும் ஒரே நாணயத்தின் இருபுறங்கள் என்பது அவர் துணிபு. கட்டுரை வெளிவந்து ஒரு மாதங்கூட ஆகவில்லை. செப்ரெம்பர் 21ஆம் திகதி வாஷிங்ற்றன் நகரத்து வீதியில் அவருடைய மோட்டார் வண்டியில் வைக்கப்பட்ட குண்டு வெடித்து, அவரும் உடன்சென்ற அமெரிக்கப் பெண் ஒருத்தியும் மாண்டனர். சிலியின் இரகசியப் பொலிசுத் தலைவராயிருந்தவர் இக்கொலைக்காக 1993இல் தம் நாட்டு நீதிமன்றத்திலேயே தண்டிக்கப்பட்டார்.

ஒருவர் தம் வாதத்துக்காக உயிர் இழந்தார் என்பது அவ்வாதத்தை மெய்யாக்கிவிடாது. லெத்தெலியரின் கட்டுரையிலும் மிகை உண்டு. சிலியின் படையாட்சி மிகக் கொடிய கொலைகளுட் பலவற்றை 1973இன் இறுதி மாதங்களிற் செய்தது. அதிர்ச்சி வைத்தியமோ 1975 ஏப்பிரலிற்றான் தொடங்கிற்று. பொருளாதாரத் திட்டத்தை நிறைவேற்றவே கொலைகள் நிகழ்ந்தன என்பதற்குக் காலவரிசை இடந்தரவில்லை. தளபதிகள் எத்தகைய பொருளியற் கொள்கையைக் கைக்கொண்டிருப்பினும் அக்கொலைகளைச் செய்திருப்பர். பிரேசிலில் அரசே தொழில் நடத்திய படையாட்சியும் சித்திரவதை செய்தது. ஆகவே சந்தைக் கொள்கை அடக்குமுறைக்குக் காரணம் என்பதைவிட, அடக்குமுறை அக்கொள்கை சென்ற வடிவத்துக்கும் வேகத்துக்கும் நிபந்தனையாயிற்று என்பதே சான்றுகளுக்கு இயைந்த முடிபு. இவ்வேறுபாடு நுண்ணியதாயினும் முக்கியமானது. முன்னையதை ஏற்றாற் சந்தையை விரும்புவோர் யாவரும் கொலைக்கு உடந்தையாவர். பின்னையதை ஏற்றால், சிலியில் நடந்தது சந்தைச் சீர்திருத்தத்தின் ஒரு சிறப்பு வகை என்றும், அதன் குணங்குறைகளுட் பல அதன் பிறப்பிலிருந்து வந்தவை என்றும் ஆராய இடமுண்டு.

அவ்வகையின் இயல்பை விலைகளிலே காணலாம். சிக்காகோக் கல்வியின் உயிர்நிலை விலை பற்றிய கோட்பாடு. விலை சுதந்திரமாக அசையுமாயின் அது மக்களின் தேவையையும் பொருளின் அருமையையும் அறிவிக்கும் செய்தியாகும். ரொட்டியின் விலை விடுவிக்கப்பட்டது. வட்டி விடுவிக்கப்பட்டது. 1973இல் சராசரி நூற்றுக்கு 94 வீதமாயிருந்த இறக்குமதித் தீர்வை 1979இல், மோட்டார் வண்டிகள் நீங்கலாக, ஒரே சீராக 10 வீதமாக்கப்பட்டது. அரசுடைமை நிறுவனங்கள் விற்கப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவற்றைக் கடன்பட்டு வாங்கிச் சில வணிகக் குழுமங்கள் பருத்தன. உழைப்பின் விலை மட்டும் வேறு முறையில் நடத்தப்பட்டது. தொழிற்சங்கத் தேர்தல்களும் கூட்டுப் பேரமும் தடைப்பட்டிருந்த ஆண்டுகளின் பின், 1979இல் ஹொசே பின்னியேரா என்னும் அமைச்சர் இயற்றிய தொழிற்றிட்டம் அவற்றைத் திரும்ப அனுமதித்தது. ஆனால் தனித்தனி நிறுவனத்தின் எல்லைக்குள்ளே மட்டும். ஒரு தொழிற்றுறையினர் யாவரும் ஒன்றுகூடிப் பேரம் பேசுதல் ஆகாது. வேலைநிறுத்தம் அறுபது நாளைக் கடந்தால், நிறுத்தியோர் வேலையைத் தாமாக விட்டவராகக் கருதப்படுவர். முதலீட்டாளர் குழுமமாகச் சேரலாம், தொழிலாளர் சேரலாகாது என்னும் ஏற்பாடு எந்த விலைக் கோட்பாட்டிலிருந்து பிறந்தது என்பதை அத்திட்டத்தின் ஆதரவாளர் விளக்கினாரல்லர். அரசாங்க ஊழியர் சங்கத் தலைவராயிருந்த துக்காபெல் ஹிமெனெஸ் சங்கங்களை ஒன்றுபடுத்த முயன்று, 1982 பெப்ருவரியில் அரசின் உளவுப் படையினராற் கொல்லப்பட்டார். உழைப்புச் சந்தையில் இக்கொலையும் ஒரு செய்தியே.

சிலியின் அனுபவத்திலே இன்னும் ஆழமாக ஆராயத்தக்கது 1979 முதல் 1982 வரையான செலாவணிக் கதை. சர்வாதிகாரம் நல்ல பொருளியலுக்குத் துணை என்போர் வழக்கமாகக் கூறும் நியாயம் ஒன்றுண்டு. வாக்குக்கு அஞ்சாத அரசே கசப்பு மருந்தைக் கொடுக்க வல்லது. கூச்சலுக்குச் செவிசாய்க்காத நிபுணரே சரியான முடிவை எடுக்க வல்லவர் என்பது அந்நியாயம். இந்நியாயத்துக்குச் சிலியைவிடச் சிறந்த சோதனைக்களம் கிடைத்தல் அரிது. ஏனெனில் அங்கே நிபுணர்கள் உண்மையிலேயே நிபுணர்கள், அரசும் உண்மையிலேயே எவர்க்கும் செவிசாய்க்காதது.

1979 ஜூன் மாதத்தில் தெ கஸ்திரோ ஒரு டொலருக்கு 39 பெசோ என்று செலாவணி விகிதத்தை நிலைப்படுத்தினார். உள்நாட்டு விலைவாசி உலக விலைவாசியோடு விரைவில் இணைந்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. இணைவதற்கு நாள் சென்றது. அதற்கிடையே பெசோ மிகையான மதிப்புப் பெற்றது. வெளிநாட்டுப் பொருள் மலிவாயிற்று. வெளிநாட்டுக் கடனும் மலிவாயிற்று. வங்கிகளும் குழுமங்களும் டொலரிற் கடன் வாங்கிக் குவித்தன. சந்தியாகோக் கடைகள் ஜப்பானிய வானொலிகளாலும் தொலைக்காட்சிப் பெட்டிகளாலும் நிறைந்தன. உள்நாட்டு ஆலைகள் மூடப்பட்டன. 1981இல் நடைமுறைக் கணக்குப் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கை எட்டிற்று. இவ்வளவு பெரும் பற்றாக்குறை நெடுநாள் நீடிக்காது என்பதைக் காண்பதற்குப் பெரும்புலமை வேண்டியதில்லை. கடன் பட்டவர் தனியார், அரசு அன்று. ஆகவே அதனால் ஆபத்தில்லை என்பது அமைச்சரின் தரப்பு விளக்கம்.

இங்கே ஒரு விந்தையைக் கவனித்தல் வேண்டும். செலாவணி விகிதத்தை அரசு நிலைப்படுத்தலாகாது, சந்தையிலே மிதக்கவிடல் வேண்டும் என்று 1953இலேயே புகழ்பெற்ற கட்டுரை எழுதியவர் பிறீட்மன். மாணாக்கர் நிலைப்படுத்தியது நாட்டின் பொருளியலிலேயே மிக முக்கியமான விலையை. அதுவும் ஆசிரியரின் போதனைக்கு மாறாக. ஆகவே பின்வந்த வீழ்ச்சியை ஆசிரியரின் கோட்பாட்டின்மேல் ஏற்றுதல் அநீதி. ஆனால் வினா அதுவன்று. அச்சிறு நாட்டில் எத்தனையோ பொருளியலாளர் இருந்தும், ஆசிரியரின் கட்டுரையையே எடுத்துக்காட்டி அமைச்சரைத் திருத்துவதற்கு ஏன் வழியில்லாது போயிற்று? பாராளுமன்றம் இல்லை, நிதியமைச்சரை எழுந்து நின்று கேள்வி கேட்பார் இல்லை. செய்தித்தாள்களுட் பெரியவை அரசின் சார்பின. எஞ்சியவை தணிக்கைக்கு அஞ்சியவை. மாற்றுப் பொருளியலாளர் சிலர் தனியார் ஆய்வு நிலையங்களில் ஒதுங்கி எழுதிய எச்சரிக்கைகள் சிறு வட்டத்தைத் தாண்டவில்லை. ஆட்சிக் குழுவினுள்ளேயே பொருளாதாரக் கொள்கையைக் குறைகூறிவந்த விமானப்படைத் தளபதி குஸ்தாவோ லேய் 1978இல் பதவி நீக்கப்பட்டிருந்தார். இடித்துரைப்பார் அற்ற அரசின் கதி யாது என்பதற்கு வள்ளுவரைத் துணைக்கு அழைக்கவும் வேண்டியதில்லை. மத்திய வங்கியின் கணக்கேடே போதும்.

1982 ஏப்பிரலில் தெ கஸ்திரோ விலகினார். ஜூன் மாதத்தில் 39 பெசோ கைவிடப்பட்டது. டொலரிற் கடன்பட்டவர் எல்லாரும் ஒருங்கே நொடித்தனர். அவ்வாண்டு மொத்த உற்பத்தி நூற்றுக்கு 14 வீதம் அளவில் வீழ்ந்தது. 1930ஆம் ஆண்டுகளின் பெருமந்தத்துக்குப் பின் அந்நாடு காணாத வீழ்ச்சி அது. அவசர வேலைத்திட்டங்களில் இருந்தோரையும் சேர்த்துக் கணக்கிடின், 1983இல் உழைக்கும் மக்களுட் பத்தில் மூவர் அளவில் வேலையற்றிருந்தனர். அவ்வாண்டு ஜனவரியில் அரசு வங்கிகளிற் புகுந்தது. நாட்டின் மிகப் பெரிய தனியார் வங்கிகள் இரண்டும் அரசின் பொறுப்பில் வந்தன. மூன்று நிறுவனங்கள் முற்றாக மூடப்பட்டன. மூடப்பட்டவற்றுள் ஒன்று, 1975இல் பிறீட்மனை அழைத்த நிறுவனத்துக்குரிய அதே வங்கி. வெளிநாட்டு வங்கிகளின் நெருக்குதலால், தனியார் பட்ட கடனுக்கும் அரசு பிணைநின்றது. அலெண்டே ‘சோஷலிசத்துக்குச் சிலி வழி’ என்றார். இது ‘சோஷலிசத்துக்குச் சிக்காகோ வழி’ என்று சந்தியாகோவில் மக்கள் பரிகசித்தனர். தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகள் இத்தகைய தவறுகளைச் செய்வதில்லை என்பதன்று; அவை செய்யும், சிலவேளை இதனினும் பெரிதாகச் செய்யும். ஆனால் வாக்குக்கு அஞ்சாமையே அறிவுடைமைக்கு உறுதி என்னும் நியாயம் 39 பெசோவோடு சரிந்துவிட்டது.

சிலியின் ‘அற்புதம்’ என்று பின்னர் போற்றப்பட்டது எக்காலத்துக்குரியது என்பதையும் பிரித்தறிதல் வேண்டும். 1970ஐயும் 1985ஐயும் ஒப்பிட்டால், தலைக்குரிய உற்பத்தி அப்பதினைந்து ஆண்டுகளில் வளரவில்லை என்றே கூறவேண்டும். 1983 மே மாதத்தில் செப்புத் தொழிலாளர் சங்கத்தின் அழைப்போடு தொடங்கிய எதிர்ப்பு நாட்கள் அரசை அசைத்தன. அதன் பின்னரே கொள்கை நெகிழ்ந்தது. 1984இல் தீர்வை தற்காலிகமாக 35 வீதத்துக்கு உயர்ந்தது. பெசோ படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 1985இல் நிதியமைச்சரான ஹெர்னான் பூக்கி, முந்தியோரைப்போற் கோட்பாட்டிற் பிடிவாதமில்லாதவராய், ஏற்றுமதியை வளர்த்தார். பழவகை, மரம், மீன் முதலியன செப்புக்குத் துணைநின்றன. அப்போதுதான் வளர்ச்சி உண்மையிற் பிடித்தது. எனினும் 1987இல் மக்களுள் நூற்றுக்கு 45 பேர் வறுமையில் இருந்தனர் என்பது அந்நாட்டின் குடும்பக் கணிப்பு. 1990இன் பின் வந்த மக்களாட்சி அரசுகள் திறந்த வணிகத்தைக் கைவிடவில்லை; இதனைச் சந்தைக் கொள்கைக்குரிய வெற்றியாக ஒப்புக்கொள்ளுதல் நேர்மை. ஆனால் அவை வரியை உயர்த்திச் சமூகச் செலவைக் கூட்டின. தொழிற் சட்டங்களைத் திருத்தின. 1991 முதல் குறுங்கால வெளிநாட்டு மூலதனம் வெள்ளம்போற் புகாதபடி கட்டுப்பாடு விதித்தன. 2000இல் வறியோர் வீதம் 20 அளவுக்கு இறங்கிற்று. பாதிக்கு மேற்பட்ட இவ்விறக்கத்திற் பெரும்பகுதி வாக்குக்கு அஞ்சிய அரசுகளின் காலத்தது.

சந்தைச் சுதந்திரமே ஈற்றில் அரசியற் சுதந்திரத்தை மீட்டது என்பது பிறீட்மன் பிற்காலத்திற் கூறிய சமாதானம். 1988 ஒக்ரோபர் 5ஆம் திகதி நிகழ்ந்த சர்வசன வாக்கெடுப்பில் ஏறத்தாழ 56 வீதத்தினர் பினோச்சேயை மறுத்தனர். 1990 மார்ச்சில் தேர்ந்தெடுக்கப்பட்ட சனாதிபதி பதவியேற்றார். முன்னையது நிகழ்ந்தபின் பின்னையது நிகழ்ந்தமை பற்றி, முன்னையதே காரணம் எனல் தருக்கநூலார் நன்கறிந்த வழு. அயல்நாடுகளை நோக்கினால் வழு வெளிப்படும். ஆர்ஜென்ரீனாவிற் படையாட்சி 1983இல் வீழ்ந்தது; உருகுவேயிலும் பிரேசிலிலும் 1985இல் அகன்றது. சந்தைச் சீர்திருத்தத்தில் அவை யாவும் சிலிக்குப் பிற்பட்டவை. மக்களாட்சிக்கு மீள்வதிலோ சிலியே அவற்றுக்குப் பிற்பட்டது. வாக்கெடுப்பில் வென்றவர் இரவோடிரவாக வாக்காளரைப் பதிந்த கட்சித் தொண்டரும், காணாமற்போனோரின் தாய்மாரும், அவர்களுக்கு நிழல்கொடுத்த திருச்சபையினரும். அவர்களுடைய உழைப்பை விலைப் பொறிமுறையின் கணக்கில் வரவு வைத்தல் தகாது. ஆட்சியாற் கொல்லப்பட்டும் காணாமற்போயும் ஒழிந்தோர் தொகை 3,000க்கு மேல் என்றும், சிறையிலும் சித்திரவதையிலும் துன்புற்றுத் தப்பியோர் பல்லாயிரவர் என்றும் அந்நாட்டு அரசே நியமித்த ஆணைக்குழுக்கள் பிற்காலத்திற் பதிவு செய்தன. புனைபெயரில் எழுதிப் பிழைக்கும் வாய்ப்பை அவர்களுக்குச் சந்தை அளிக்கவில்லை.

பிறீட்மனின் சமகாலத்தவராகிய ஹயெக் இவ்விடயத்தில் அவரினும் வெளிப்படையானவர். 1977இலும் 1981இலும் சிலிக்குச் சென்ற அவர், தாராண்மை அற்ற மக்களாட்சியைவிடத் தாராண்மையுள்ள சர்வாதிகாரியையே தாம் விரும்புவதாகச் சந்தியாகோச் செய்தித்தாளுக்குக் கூறினார். பிறீட்மன் அவ்வாறு கூறினாரல்லர். சர்வாதிகாரத்தை அவர் வெறுத்தார் என்பதை ஐயுறக் காரணமில்லை. ஆயினும் தம் நூலின் 2002ஆம் ஆண்டு முன்னுரையிலே அவர் ஒரு திருத்தம் செய்தார். பொருளியற் சுதந்திரம், குடியியற் சுதந்திரம், அரசியற் சுதந்திரம் என மூன்றாகப் பிரித்து, முன்னைய இரண்டும் அரசியற் சுதந்திரம் இன்றியே நிலவக்கூடும் என்றார். அதற்கு அவர் காட்டிய சான்று ஆங்கிலேயர் ஆண்ட ஹொங்கொங். சான்றைத் தேர்ந்தமை கவனிக்கத்தக்கது. ஹொங்கொங்கில் மக்களாட்சி பிடுங்கப்படவில்லை. அது அங்கே முன்னர் இருக்கவேயில்லை. குடியியற் சுதந்திரத்தைக் காத்தது ஆங்கிலச் சட்ட மரபு. சிலியிலோ பாராளுமன்றமும் நீதிமன்றமும் சுதந்திரமான செய்தித்தாளும் தொழிற்சங்கமும் பல தலைமுறைகளாக வேரூன்றியிருந்தன. அவற்றை வெட்டிய இடத்தில்தான் சந்தை நடப்பட்டது. ஒன்றினுக்குரிய விளக்கம் மற்றதற்குப் பொருந்தாது.

இனி, 1962ஆம் ஆண்டு நூலின் மூல அளவுகோலையே கையிலெடுத்துச் சிலியை அளந்து பார்க்கலாம். அதிகாரம் பரந்ததா? 1981 மே மாதத்தில் ஓய்வூதிய முறை முழுவதும் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. தொழிலாளி ஒவ்வொருவனும் தன் கூலியிற் பத்திலொரு பங்கைத் தன் பெயருக்குச் சேமித்து, சந்தை தரும் இலாபத்தைக் கொண்டு முதுமையை நடத்துதல் வேண்டும் என்பது ஏற்பாடு. உலகெங்கும் வியந்து பின்பற்றப்பட்ட சட்டம் அது. 2019 ஒக்ரோபரிற் சந்தியாகோவில் நிலக்கீழ்ப் புகையிரதக் கட்டண உயர்வை முன்னிட்டுக் கிளர்ந்த பெருங்கூட்டங்களின் முறைப்பாடுகளுள் இம்முறை அளித்த ஓய்வூதியத்தின் சிறுமை முதன்மையானது. 2025இல் வேலை கொள்வோரும் பங்கு செலுத்தும்படி சட்டம் திருத்தப்பட்டது. அச்சட்டத்தை 1980இற் பிறப்பித்த தளபதிகள் தரைப்படை, கடற்படை, விமானப்படை, பொலிசு ஆகியவற்றைச் சேர்ந்தோரை மட்டும் அதற்குப் புறம்பாக்கி, அரசு பொறுப்பேற்கும் பழைய ஓய்வூதியத்திலேயே வைத்துக்கொண்டனர். அவ்வாறே, ஆலையும் வங்கியும் விற்கப்பட்ட காலத்திலும் அலெண்டே நாட்டுடைமையாக்கிய பெருஞ் செப்புச் சுரங்கங்கள் விற்கப்படவில்லை. அவற்றை நடத்த 1976இல் அரசுக் கூட்டுத்தாபனம் ஒன்று நிறுவப்பட்டது. அக்கூட்டுத்தாபனம் ஏற்றுமதி செய்த செப்பின் விற்பனைப் பணத்தில் நூற்றுக்குப் பத்து, ஆயுதக் கொள்வனவுக்கென நேரே படையினரைச் சேர்ந்தது. அதற்கு இடமளித்த இரகசியச் சட்டம், தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகள் வந்து ஏறத்தாழ முப்பதாண்டுகள் சென்றபின், 2019ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது.